பாடசாலைக் காதற்கதையும் அதன் பார்வையாளரும்: ஒரு வரலாற்று நோக்கு

1

கலை இலக்கிய வரலாறு நம்மிடையே பெரும்பாலும் படைத்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு படைப்பு எக்காலத்தில் தோன்றியது, அதனை ஆக்கியோர் எவ்வர்க்கத்தைச் சார்ந்தோர், அவர்தம் உலகநோக்கு யாது என்பன ஆராயப்பட்ட அளவிற்கு, அதனைக் கண்டோர் எவ்விடத்திற் சிரித்தனர், எவ்விடத்திற் கண்கலங்கினர், எவ்விடத்திற் சினந்தனர் என்பன ஆராயப்படவில்லை. ஆயினும் பார்வையாளரின் எதிர்வினை வெறும் தனிமனித உணர்ச்சியன்று. ஒரு சமூகம் எதனைத் தாண்டிவந்துள்ளது, எதனை இன்னும் தாண்டமுடியாதிருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்றாகும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், ஆய்வுத்துறையினர் பலருக்கு இலேசானதாகத் தோன்றலாம். யப்பானிய அனிமே எனப்படும் அசைவோவியத் தொடர்களுள் உயர்நிலைப் பாடசாலையைக் களமாகக் கொண்ட காதல் நகைச்சுவைத் தொடர்கள் தனியொரு வகையாக வளர்ந்துள்ளன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமது மாணவர்கள் அவற்றைக் கைத்தொலைபேசியிற் கண்டு சிரிக்கின்றனர். களனியிலும் கம்பகாவிலும் சிங்கள மாணவர்களும் அவ்வாறே செய்கின்றனர். இதனைப் பொழுதுபோக்கு எனக் கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் ஒரு கேள்வி எஞ்சிநிற்கிறது. பாடசாலைக் காதல் என்ற இதே பொருள் நமது மண்ணிலும் தமிழகத்திலும் ஆழ்ந்த வரவேற்பைப் பெற்றபோதெல்லாம் பார்வையாளரை அழவைத்துள்ளதேயன்றி, முதன்மையாகச் சிரிக்கவைத்ததில்லை. ஒரே பொருள் ஓரிடத்திற் கண்ணீராகவும் பிறிதோரிடத்தில் நகைப்பாகவும் அமைவது எதனால்?

2

இக்கேள்விக்கு விடைகாண நமது மரபிலிருந்தே தொடங்கலாம். குறிஞ்சித்திணைப் பாடல்களில் தலைவனும் தலைவியும் சந்திக்குமிடம் பெரும்பாலும் தினைப்புனம். தினைக்கதிரைக் கிளிகளிடமிருந்து காப்பதற்காகத் தலைவி அங்கு அனுப்பப்படுகிறாள். உழைப்பின் தேவையே அவளை வீட்டிற்கு வெளியே கொணர்கிறது. அவ்வெளியிலேயே களவு நிகழ்கிறது. தினை அறுவடை முடிந்ததும் அவள் வீட்டிற்குத் திரும்புகிறாள். அதன்பின் வருவன இற்செறிப்பும் ஊரார் அலரும் வரைவு பற்றிய கவலையுமே. திணைக்கோட்பாட்டை அதன் பொருளியல் அடித்தளத்தோடு இணைத்துக் காணும் நோக்கினைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1970களில் நிலைநிறுத்தினார். அந்நோக்கிற் பார்ப்பின், தினைப்புனம் என்பது குடும்பத்தின் கண்காணிப்பு உற்பத்தியின் தேவையால் தற்காலிகமாகத் தளர்ந்த ஓர் இடமாகும்.

நவீன சமூகத்தில் அவ்விடத்தைப் பெற்றிருப்பது பாடசாலை. முதலாளித்துவ உற்பத்தி முறைக்கு எழுத்தறிவும் ஒழுங்குமுறையும் வாய்ந்த உழைப்பாளரும் உத்தியோகத்தரும் தேவைப்பட்டனர். அத்தேவை, உறவுமுறையையும் சாதியையும் கடந்து இளையோரை ஒரு கூரையின்கீழ் அமர்த்தியது. நமது நாட்டில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், தாய்மொழிக் கல்வியும், மத்திய பாடசாலைகளின் வளர்ச்சியும் கிராமப்புறப் பிள்ளைகளை இவ்வெளிக்குக் கொணர்ந்தன. பரீட்சையே இங்கு அறுவடை. அது முடிந்ததும் வெளி மூடப்படுகிறது. அதன்பின் யார் யாரை மணப்பது என்பதைக் காணியும் சீதனமும் சாதியும் சாதகமும் தீர்மானிக்கின்றன.

எனவே பாடசாலைக் காதற்கதையைக் காணும் பார்வையாளர், கதைமாந்தரின் காதலை மட்டும் காண்பதில்லை. வாசற்கதவு மூடிய பின்னர் நேரவிருப்பது யாது என்ற தமது அறிவோடேயே அதனைக் காண்கின்றனர். அவர்களுடைய சிரிப்பும் அழுகையும் அவ்வறிவிலிருந்தே பிறக்கின்றன.

3

இலங்கைத் திரைப்பட வரலாற்றில் இதற்குத் தக்க சான்று, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் நெறியாள்கையில் 1968இல் வெளிவந்த ‘கொளு ஹதவத்த’ என்ற சிங்களத் திரைப்படமாகும். ஊமை இதயம் என்பது அத்தலைப்பின் பொருள். இளைஞரிடையே பெருவரவேற்புப் பெற்றிருந்த கருணாசேன ஜயலத்தின் நாவலைத் தழுவிய இப்படத்திற்கு றெஜி சிறிவர்த்தன திரைக்கதை எழுதினார். இசை பிரேமசிறி கேமதாசவினுடையது. எம். எஸ். ஆனந்தன் ஒளிப்பதிவு செய்தார். தயாரித்தவர் பி. ஈ. அந்தோனிப்பிள்ளை.

விக்கிரம போகொடவும் அனுலா கருணாதிலக்கவும் நடித்த சுகத், தம்மி என்ற இரு பாடசாலை மாணவரின் கதை இது. இதன் அமைப்பே பார்வையாளரின் எதிர்வினையைக் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்டதாகும். முதற்பகுதி மாணவனின் நோக்கில் விரிகிறது. அவளது விலகல் அவனுக்கு விளங்கவில்லை. ஆதலால் பார்வையாளருக்கும் விளங்குவதில்லை. அவர்கள் அவளைக் குறைகாண்கின்றனர். இரண்டாம் பகுதி அதே நிகழ்வுகளை அவளுடைய நோக்கில் மீளக்கூறுகிறது. அவளும் காதலித்தவளே என்பதும், அவளுடைய வாய்திறவாமை மனமின்மையாற் பிறந்ததன்று, ஒரு பெண்ணுக்கு வகுக்கப்பட்ட எல்லையாற் பிறந்தது என்பதும் அப்போதே வெளிப்படுகின்றன. தாம் குறைகண்டவளுக்காகவே தாம் அழவேண்டிய நிலைக்குப் பார்வையாளர் கொணரப்படுகின்றனர்.

இப்படம் விமர்சகரின் பாராட்டை மட்டுமன்றி வசூலிலும் வெற்றியைப் பெற்றது. முற்போக்கு விமர்சகர் சிலருக்கு இத்தகைய கண்ணீர் குட்டிமுதலாளித்துவ மிகையுணர்ச்சியாகத் தோன்றுதல் இயல்பே. ஆயினும் அக்கணிப்பு முழுமையானதன்று. அன்று அரங்குகளை நிரப்பிய இளையோர் யார்? இலவசக் கல்வியின் முதற்பயனைப் பெற்று, பாடசாலைவரை வந்து, அதற்கப்பால் தொழிலோ தெரிவோ இன்றி நின்ற ஒரு தலைமுறையினர். கல்வி அவர்களுக்கு ஆசையைக் கற்பித்தது. சமூகம் அதற்கான வழியைத் திறக்கவில்லை. 1971 ஏப்ரற் கிளர்ச்சியிற் பங்குகொண்ட படித்த கிராமப்புற இளைஞரும் இத்தலைமுறையினரே. திரையரங்கின் கண்ணீரையும் கிளர்ச்சியையும் நேரடியாக இணைத்துவிடுதல் கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். ஆனால் திறந்துவிடப்பட்ட ஆசைக்கும் மூடப்பட்ட வழிக்கும் இடையிலான முரண்பாடு இரண்டிற்கும் பொதுவானது என்பதை மறுத்தல் இயலாது.

4

இனி யப்பானை நோக்குவோம். இரண்டாம் உலகப்போரில் தோல்வியுற்ற யப்பானில் 1947இன் கல்விச் சீர்திருத்தம் இருபாலாரும் ஒருங்கே கற்கும் முறையைப் பரவலாக்கியது. 1950இல் உயர்நிலைப் பாடசாலைக்குச் சென்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேரே. 1974இல் அத்தொகை நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியது. இக்காலப்பகுதியிலேயே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. பெற்றோரும் இடையாளரும் பேசிமுடிக்கும் திருமணங்களைக் காதல் திருமணங்கள் 1960களின் பிற்பகுதியில் எண்ணிக்கையில் விஞ்சின. அதாவது ‘கொளு ஹதவத்த’ இங்கு அரங்கேறிய அதே ஆண்டுகளில் யப்பானில் மணத்தெரிவின் பொருளியல் அடித்தளம் மாறிக்கொண்டிருந்தது. விவசாயக் குடும்பத்தின் காணியுரிமையை நம்பியிராமல் நகரத்தின் மாதச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த இளையோர், குடும்பத்தின் சொல்லை மீறுவதாற் பட்டினி கிடக்கவேண்டியதில்லை என்ற நிலை உருவாகியிருந்தது.

இந்நிலையிலேயே பாடசாலைக் காதல் அங்கு நகைச்சுவையாயிற்று. ஒரு வரலாற்று வடிவம் தனது இறுதிக் கட்டத்தில் நகைச்சுவையாகிறது என்றும், மனிதகுலம் தன் கடந்த காலத்திடம் மகிழ்ச்சியோடு விடைபெறுவதற்கே அவ்வாறு நேர்கிறது என்றும் மார்க்ஸ் 1844இல் வெளியிட்ட கட்டுரையொன்றிற் சுட்டினார். அரசியல் குறித்து அவர் கூறியது குடும்பத்திற்கும் பொருந்தும். தன்னை அடக்கியாளும் வல்லமை இழந்த நியதியைப் பார்த்தே மனிதன் வாய்விட்டுச் சிரிக்கிறான்.

ருமிகோ தகஹாஷியின் படக்கதையைத் தழுவி 1981 முதல் 1986 வரை தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிய ‘உருசெய் யாட்சுரா’ இவ்வகைக்கு முன்னோடியான தொடர்களுள் ஒன்று. வேற்றுலகிலிருந்து வந்த லும் என்ற பெண், அட்டரு என்ற பாடசாலை மாணவனைத் தன் கணவனாக வரித்துக்கொள்கிறாள். அவனோ கண்ட பெண்களையெல்லாம் துரத்துகிறான். பெண் தன் விருப்பை உரத்துக் கூறுகிறாள். ஆணே தன் உள்ளத்தை ஒப்புக்கொள்ள மறுக்கிறான். தம்மியின் ஊமை இதயம் இங்கு தலைகீழாக்கப்பட்டிருத்தலைக் காண்கிறோம். சொல்லாமை ஒரு துயரமாக இல்லாது ஒரு விளையாட்டாக மாறியுள்ளது. சொன்னாலும் எவரும் அழிந்துபோவதில்லை என்பதைப் பார்வையாளர் அறிவர், அதனாற் சிரிக்கின்றனர்.

ஆயினும் இச்சிரிப்புக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. இத்தொடரை ஒட்டி மாமொரு ஒஷீயின் நெறியாள்கையில் 1984இல் வெளிவந்த ‘பியூட்டிபுல் டிரீமர்’ என்ற திரைப்படத்தில், பாடசாலை விழாவின் முதல்நாள் மீண்டும் மீண்டும் வருகிறது. விழா வருவதேயில்லை, அதற்கான ஆயத்தம் முடிவதுமில்லை. அது லும் காணும் இன்பக்கனவு என்பது பின்னர்த் தெரியவருகிறது. பாடசாலையை விட்டு வெளியேற விரும்பாமையே இவ்வகைக் கதைகளின் அடிமன வேட்கை என்பதை இப்படம் வெளிப்படையாக்கியது. வெளியேறுவோருக்காகக் காத்திருப்பது நிறுவனம். அங்கு வாழ்நாள் உத்தியோகமும் உண்டு, வாழ்நாட் கட்டுப்பாடும் உண்டு. குடும்பத்தின் இற்செறிப்பிலிருந்து விடுபட்டோரை மூலதனத்தின் இற்செறிப்பு எதிர்கொண்டது.

கால்நூற்றாண்டின் பின்னர் இதே உத்தி மீண்டும் கையாளப்பட்டபோது எதிர்வினை வேறாயிற்று. கியோத்தோ அனிமேஷன் நிறுவனம் 2006இல் தயாரித்த ‘ஸுஸுமியா ஹருஹி’ தொடர், காதல் இழையோடிய பாடசாலை நகைச்சுவையாகப் பெரும்புகழ் ஈட்டியிருந்தது. 2009இல் அது புதிய பகுதிகளோடு மீள ஒளிபரப்பாகியது. கோடை விடுமுறையின் இறுதி இரு வாரங்கள் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் திரும்பத் திரும்ப நிகழும் கதை, அதிலே ஏறத்தாழ ஒரேமாதிரியான எட்டுப் பகுதிகளாக வாரந்தோறும் காட்டப்பட்டது. ஒவ்வொரு பகுதியும் புதிதாக வரையப்பட்டு, புதிதாகக் குரல் கொடுக்கப்பட்டது, உடைகளும் காட்சிக்கோணங்களும் மாறின, நிகழ்வுகள் மாறவில்லை. வாரந்தோறும் முடிவை எதிர்பார்த்து ஏமாந்த இரசிகர் சினங்கொண்டனர். அவர்களது கண்டனம் அவ்வகைத் தொடர்களின் வரலாற்றில் நிலையான ஓர் இடத்தைப் பெற்றுவிட்டது.

இச்சினத்தை வெறும் சலிப்பாகக் கொள்ளலாமா? 1991இல் யப்பானின் ஊகவாணிப வீக்கம் உடைந்தபின்னர், நிரந்தரத் தொழிலின் உறுதி தளர்ந்து தற்காலிகத் தொழில்கள் பெருகின. 1984இன் பார்வையாளருக்கு முடிவுறாத பாடசாலை நாள் ஒரு கனவு. 2009இன் இளைஞருட் பலருக்கோ முன்னேற்றமின்றி ஒன்றேபோற் கழியும் நாட்கள் கனவல்ல, நடைமுறை. தமது வாழ்வில் ஏற்கெனவே இருந்த தேக்கத்தைப் பொழுதுபோக்கிலும் காண நேர்ந்தபோது சிரிப்பு வற்றியது எனக் கொள்ளுதல் தவறாகாது. அச்சுழல் எவ்வாறு உடைகிறது என்பதும் கவனத்திற்குரியது. எஞ்சியிருந்த விடுமுறைப் பாடவேலையை நண்பர்கள் கூடியிருந்து செய்துமுடிக்கும்போதே காலம் நகர்கிறது. காதலோ அற்புதமோ செய்யாததைக் கூட்டுழைப்புச் செய்கிறது.

5

‘கொளு ஹதவத்த’ வெளிவந்து சரியாக ஐம்பது ஆண்டுகளின் பின்னர், 2018இல், சி. பிரேம்குமாரின் நெறியாள்கையில் ‘96’ என்ற தமிழ்த் திரைப்படம் வெளிவந்தது. தஞ்சாவூரில் ஒரே வகுப்பிற் கற்ற ராமும் ஜானுவும் பல்லாண்டுகளின் பின்னர் வகுப்புத் தோழரின் ஒன்றுகூடலிற் சந்திக்கின்றனர். அவள் திருமணமாகிச் சிங்கப்பூரில் வாழ்கிறாள். அவன் தனித்தே இருக்கிறான். ஓரிரவு பேசிக் கழித்துப் பிரிகின்றனர். அரை நூற்றாண்டு கடந்தும் அதே சொல்லாமை, அதே பிரிவு, அதே கண்ணீர்.

இப்பிரிவுக்குப் படம் கூறும் முதற்காரணம் நமது கவனத்திற்குரியது. ராமின் குடும்பம் கடன்பட்டு ஊரைவிட்டு நீங்குகிறது. அதனால் அவன் பாடசாலைக்குத் திரும்பவில்லை. விதி என்றும் காலத்தின் கோலம் என்றும் பார்வையாளர் உணர்ந்தது உண்மையிற் கடனே. படத்தின் இன்னொரு காட்சியில், தாம் இருவரும் இளமையிலேயே ஒன்றுசேர்ந்துவிட்டதாக ஜானு ஒரு கதையைப் புனைந்து ராமின் மாணவியருக்குக் கூறுகிறாள். அம்மாணவியர் மகிழ்கின்றனர், உண்மையறிந்த பார்வையாளர் கலங்குகின்றனர். நிகழ்ந்திருக்கக்கூடியதற்கும் நிகழ்ந்ததற்கும் இடையிலான தூரமே கண்ணீரின் அளவு.

கொழும்புத் தமிழருக்கு இப்படம் மேலுமொரு பொருளைத் தந்தது என்பது நமது கருத்து. 1983 யூலையின் பின்னரும் அதனைத் தொடர்ந்த போர்க்காலத்திலும் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இடம்பெயர்ந்தோரின் உறைவிடங்களாயின. பலருக்கு அவை வெளிநாட்டுப் பயணத்திற்கு முந்திய தங்குமிடங்களுமாயின. அத்தலைமுறையினரின் வகுப்புத் தோழர்கள் இன்று ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சிதறியுள்ளனர். சிலர் உயிரோடில்லை. பழைய மாணவர் சங்கங்கள் கடல்கடந்த நகரங்களில் ஒன்றுகூடல்களை நடத்துகின்றன. ஆனால் முழு வகுப்பும் ஒன்றுகூடுதல் எங்கும் இயலாது. தஞ்சாவூர்க் கதையிற் கடன் செய்ததை இங்கு போரும் இடப்பெயர்வும் செய்தன. காதலை முன்னிட்டுச் சிந்தப்பட்ட கண்ணீரில் வேறு இழப்புகளும் கலந்திருந்தன.

6

இப்பின்னணியில், நமது இளையோர் யப்பானியப் பாடசாலை நகைச்சுவையைக் கண்டு சிரித்தலை எவ்வாறு மதிப்பிடுவது?

முதலாவதாக, அவர்கள் காணும் வகுப்பறை அவர்களுக்கு இல்லாத வகுப்பறையாகும். வெள்ளவத்தைச் சைவ மங்கையர் வித்தியாலயம், பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, கொட்டாஞ்சேனைப் புனித பெனடிக்ற் கல்லூரி, நல்லாயன் கன்னியர் மடம் எனக் கொழும்பிற் பெயர்பெற்ற பாடசாலைகள் பலவும் ஆண்களுக்கெனவோ பெண்களுக்கெனவோ தனித்தமைந்தவை. இருபாலாரும் அருகருகே அமரும் இடம் பெரும்பாலும் மாலைநேர ரியூசன் வகுப்பே. அங்கும் உயர்தரப் பரீட்சையும் பல்கலைக்கழக அனுமதியுமே ஆட்சிசெய்கின்றன. 1970களின் தொடக்கத்தில் அறிமுகமான தரப்படுத்தலின் கசப்பான அனுபவம், பரீட்சைப் புள்ளியே வாழ்வின் அளவுகோல் என்ற எண்ணத்தைத் தமிழ்ப் பெற்றோரிடையே மேலும் இறுகச்செய்தது. இத்தகைய மாணவருக்கு, பாடசாலை விழாவுக்காக வாரக்கணக்கிற் கூடியிருந்து உழைக்கும் யப்பானிய வகுப்பறை அயல்நாட்டுக் காட்சி மட்டுமன்று, ஒரு கற்பனாவுலகமுமாகும்.

இரண்டாவதாக, இச்சிரிப்பு இரவற் சிரிப்பாகும். யப்பானியப் பார்வையாளர் தாம் தாண்டிவந்த நியதியைப் பார்த்துச் சிரித்தனர். நாமோ இன்னும் தாண்டாத நியதியைப் பிறர் தாண்டியதைப் பார்த்துச் சிரிக்கிறோம். தொடர் முடிந்ததும் சாதகப்பொருத்தமும் சீதனப்பேச்சும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கதாநாயகனைச் சூழ்ந்துள்ள பெண்களுள் வெல்பவள் யார் என இரசிகர் கட்சிகட்டி வாதிடுதலும் இவ்வகைத் தொடர்களில் வழக்கம். அங்கே பெண் தெரிவுசெய்பவளாகத் தோன்றினும், பார்வையாளர் முன் அவள் பலவற்றுள் ஒன்றாகத் தெரிவுசெய்யப்படும் பண்டமாகவும் வைக்கப்படுகிறாள். பொம்மைகளாகவும் படங்களாகவும் அவள் விற்கப்படுவது இதன் தருக்கரீதியான தொடர்ச்சியே. ஆகவே இச்சிரிப்பை விடுதலை எனக் கொண்டாடுதலும் பொருந்தாது. சீரழிவு எனச் சபித்தலும் பொருந்தாது. வேறுவிதமாகவும் வாழலாம் என்ற ஒரு செய்தியை அது இளையோருக்குத் தருகிறது. அதனை வாழ்வாக்கும் வலிமை அதற்கில்லை.

மூன்றாவதாக, தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் ஒரே தொடரின் ஒரே இடத்திற் சிரிக்கின்றனர். ஆனால் அவர்கள் ஒரே வகுப்பறையில் அமர்வதில்லை. போதனாமொழி வழியாகப் பிரிந்த பாடசாலை முறை அவர்களைச் சிறுவயதிலிருந்தே பிரித்துவைத்துள்ளது. ‘கொளு ஹதவத்த’ உருவான காலத்திற் சிங்களத் திரைப்படத்தின் ஆக்கத்திலாயினும் இனங்கடந்த கூட்டுழைப்பு இருந்தது. அந்தோனிப்பிள்ளையின் பெயர் அதற்குச் சான்று. களனி கங்கைக்கு வடக்கே ஹெந்தளையிற் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ சிங்களப் படங்கள் பலவற்றின் பிறப்பிடமாயிருந்தது. 1983 யூலையில் அது எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களை நெறிப்படுத்திய கே. வெங்கட் அதே நாட்களிற் கொல்லப்பட்டார். கூட்டாகப் படைத்த தளம் அழிந்தது. இன்று எஞ்சியிருப்பது தனித்தனியே நுகரும் ஒற்றுமை. வேற்று நாட்டின் வகுப்பறையொன்றிற் சந்தித்து, சொந்த நாட்டின் வகுப்பறைகளுக்குத் தனித்தனியே திரும்பும் நிலை இது.

பார்வையாளரின் எதிர்வினைகளை வரிசைப்படுத்தி நோக்குமிடத்து, 1968இன் கண்ணீர், 1984இன் கனவு, 2009இன் சினம், 2018இன் ஏக்கம் ஆகிய யாவும் ஒரு கேள்வியைச் சுற்றியே அமைகின்றன. பாடசாலையின் வாசலுக்கு வெளியே இளையோருக்குச் சமூகம் தருவது யாது? அதற்கான விடை கலையில் இல்லை. தொழிலுறுதியிலும், சீதனமும் சாதியும் வலுவிழப்பதிலும், இருபாலாரும் இருமொழியினரும் ஒருங்கே கற்கும் வகுப்பறையிலுமே அது உள்ளது. அவ்விடை நடைமுறையாகும் அளவிற்கே நமது பாடசாலைக் காதற்கதையும் நகைச்சுவையாகும். அதுவரை நமது கலைஞர்கள் அழவைப்பார்களாயின் அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அக்கண்ணீரின் காரணத்தை விதி என்று கூறாமல் அதன் உண்மைப் பெயரால் அழைத்தல் விமர்சகரின் கடமையாகும்.